உயிலை உடல்நலம் உள்ளபோதே எழுதி வைக்க வேண்டுகோள்

உயில் எழுதாமல் இறந்துபோன இந்து ஆண் ஒருவரின் சொத்து யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் முன்பே தீர்மானித்து வைத்திருக்கிறது. மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு. கடைசிவரை உடனிருந்து பார்த்துக்கொண்ட மகளுக்கும் பல ஆண்டுகளாக வாசற்படி மிதிக்காத மகனுக்கும் அந்தக் கணக்கில் வேறுபாடு இல்லை. தந்தைக்கோ முதல் வகுப்பு வாரிசுகளில் இடமே கிடையாது. இந்தப் பங்கீடு போதும் என்பவர்கள் உயில் எழுத வேண்டியதில்லை. சிறு மாற்றம் வேண்டும் என்றாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

எழுதுவதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைப்பது நல்லது. அசல் தொலைந்தாலும் நகல் கிடைக்கும். ‘என் வீடு’ என்று மட்டும் எழுதாமல் சர்வே எண், பட்டா எண், பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றைத் தாய்ப்பத்திரத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். பூர்விகச் சொத்தில் தமக்குரிய பங்கை மட்டுமே எழுத முடியும். முழுவதையும் சுயசம்பாத்தியம் போல எழுதிவிடுவதுதான் பல வழக்குகளுக்கு வித்து. இஸ்லாமியர், மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத இயலாது. கிறிஸ்தவர் திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும்.

பெரும்பாலான உயில்கள் தடுமாறுவது சாட்சி விஷயத்தில்தான். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி குறைந்தது இரண்டு சாட்சிகள், எழுதியவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பின்னாளில் வழக்கு வந்தால் உயிரோடிருக்கும் சாட்சி ஒருவராவது நீதிமன்றத்துக்கு வந்து சொல்ல வேண்டியிருக்கும். எழுபது வயதுக்காரர் தம் வயதொத்த நண்பர்கள் இருவரைச் சாட்சி வைத்தால், தேவைப்படும்போது அவர்களும் இருக்கமாட்டார்கள். வயதில் இளையவர்களை, உள்ளூரிலேயே இருப்பவர்களை வைப்பதே உத்தமம். ஒருவர் மருத்துவராக இருந்தால், எழுதியபோது சுயநினைவு இல்லை என்ற பேச்சு எளிதில் எடுபடாது. பங்கு பெறுபவரைச் சாட்சியாக்குவது வீண் சந்தேகத்துக்கு இடம் தரும்.

நாமினி போட்டாகிவிட்டது, உயில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வங்கி டெபாசிட்டில் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர அதற்கு உரியவர் அல்லர். நிறுவனப் பங்குகளுக்கும் அதே நிலைதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியது.

உயிலையும் செட்டில்மெண்டையும் ஒன்றாக நினைப்பதும் ஆபத்து. செட்டில்மெண்ட் எழுதிப் பதிந்ததும் சொத்து கைமாறிவிடும். உயிலோ எழுதியவரின் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் வழி செய்கிறது. அதற்காகத் தள்ளாத வயதில் அலைய நேருவதைவிட உயிலே மேல்.

மனவளர்ச்சி குன்றிய பிள்ளை உள்ள வீட்டுக்கு வெறும் உயில் போதாது. சொத்தை அந்தப் பிள்ளை பெயருக்கு எழுதிவிடலாம். வாடகை வாங்குவதும் மருந்துச் செலவு பார்ப்பதும் யார்? 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டப்படி தனியார் டிரஸ்ட் ஒன்றை ஏற்படுத்தி, நம்பகமான இருவரை டிரஸ்டியாக்கி, அவர்களுக்குப் பின் யார் என்பதையும் குறித்து வைக்கலாம். வாழும் காலத்திலேயே நிலம், வீட்டை டிரஸ்டில் சேர்ப்பதானால் பத்திரத்தைப் பதிய வேண்டும். உயில் மூலமாகவும் டிரஸ்ட் ஏற்படுத்த முடியும்.

தனிப் பெயரில் உள்ள வங்கி லாக்கரில் உயிலை வைத்துவிட்டால், லாக்கரைத் திறப்பதற்கே வாரிசுகள் அலைய வேண்டியிருக்கும். ஆகவே சொத்துள்ள பெரியவர்கள் அனைவரும் காலந்தாழ்த்தாமல் உயில் எழுதுமாறும், அசல் எங்கே இருக்கிறது என்பதை அதை நிறைவேற்ற வேண்டியவரிடம் இப்போதே சொல்லி வைக்குமாறும் அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இவண்,
மூத்த குடிமக்கள் நலக் குழுவினர்