மணத்தால் நிறத்தை நினைவுகூரும் தேனீ

ஆரியசாலைக் கடைவீதியில் பழக்கடையருகே சற்று நிற்பவர், கனிகளைச் சுற்றித் தேனீக்கள் வட்டமிடக் காணலாம். "வாசனைக்கு வருகின்றன" என்று கூறிக் கடந்துவிடுவது நம் வழக்கம். இக்கூற்று பாதி உண்மையே. தேனீ மணத்தோடு நிறத்தையும் இணைத்துக் கற்கிறது. கற்றதை நினைவிலும் வைத்துக்கொள்கிறது.

தேனீக்கு நிறமறியும் ஆற்றல் உண்டென்பதைக் கார்ல் வான் ஃபிரிஷ் என்னும் அறிஞர் 1914-ஆம் ஆண்டளவில் நிலைநாட்டினார். நீலத்தாளின்மீது சர்க்கரைக் கரைசல் உண்டு பழகிய தேனீக்கள், சாம்பல் நிறத்தாள்கள் பலவற்றிடையே வைத்த வெறும் நீலத்தாளையே நாடின. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்ற மா. வீ. ஸ்ரீனிவாசன், ஆஸ்திரேலியாவில் தம் துணைவர்களுடன் நிகழ்த்திய ஆராய்ச்சியின் முடிவை 1998-இல் வெளியிட்டார். குறிப்பிட்ட மணம் ஒன்றை நுகர்ந்தவுடன், அதனோடு முன்பு இணைத்துக் கற்ற நிறத்தைத் தேனீ நினைவுகூர்கிறது என்பதே அம்முடிவு. டுரோசோஃபிலா என்னும் சிற்றீயைப் பற்றி ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர் 2023-இல் வெளியிட்ட செய்தியும் இதற்கு இயைந்ததே. நிறமும் மணமும் சேர்த்துப் பயிற்றப்பட்ட ஈக்கள், பின்னர் மணத்தை மட்டும் அளித்தபோதும் அதனை மேலும் நன்கு நினைவுகூர்ந்தன.

இவ்வுண்மைகள் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடலாகாது என்பது எம் கருத்து. பூச்சிகொல்லியின் தீங்கை மாண்ட தேனீக்களைக் கொண்டே நாம் கணக்கிடுகிறோம். ஆனால் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள், கொல்லாத சிற்றளவிலேயே தேனீயின் கற்கும் திறனையும் ஞாபகசக்தியையும் குன்றச் செய்வதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. மலரை மறந்த தேனீ உயிரோடிருந்தும் தன் கூட்டுக்கும் பயிருக்கும் உதவாது. பூசணி, வெள்ளரி, பாகல் ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் வேறு வேறாதலின், மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும் பூச்சி வந்தாலன்றிக் காய் பிடிப்பதில்லை. ஆகவே களப்பணியாளர்கள், பூத்திருக்கும் பயிரில் மருந்து தெளிப்பதைத் தவிர்க்குமாறு உழவரிடம் வற்புறுத்த வேண்டும். தவிர்க்க இயலாதவிடத்து, தேனீக்கள் கூடு திரும்பிய மாலை வேளையைத் தேர்ந்துகொள்ளச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பணியுண்டு. பள்ளித் தோட்டத்தில் தேனீக்கள் வருமிடத்தில் நீலத்தாள் ஒன்றும் மஞ்சள்தாள் ஒன்றும் பரப்பி, நீலத்தின்மீது மட்டும் சர்க்கரைக் கரைசலை வையுங்கள். தேனீக்கள் பலமுறை வந்து பழகிய பின், அவற்றை அகற்றிப் புதிய தாள்களை இடம் மாற்றி, கரைசலின்றி வையுங்கள். அவை எதனை நாடுகின்றன என்பதை மாணவர்கள் எட்டி நின்று, எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும். சின்னஞ்சிறு உயிரும் கற்கிறது என்பதைக் கண்ணால் கண்ட சிறுவன், நாளை வயலில் மருந்துத் தெளிப்பானைக் கையிலெடுக்குமுன் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பான்.