பிரம்பும் டி.சி.யும் யாருக்கு?

"பையன்கள் கெட்டுப் போய்விட்டார்கள். வாத்தியார் கையில் பிரம்பைத் திரும்பக் கொடு! அதற்கும் அடங்காதவனை டி.சி. கொடுத்து விரட்டு!" ஆம்பூர் பஜாரிலும், பேரணாம்பட்டு பஸ் நிலையத்திலும், வாணியம்பாடி டீக்கடையிலும் இந்தக் கூக்குரல் கேட்கிறது. கனவான்கள் மட்டும் இப்படிப் பேசினால் நமக்கு ஆச்சரியமில்லை. சுண்ணாம்புக் குழியிலிருந்து தோலை இழுத்துப் போடும் தொழிலாளியும் இதையே சொல்கிறார். ஆகவேதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கூக்குரல் நம் பகுதியில் பலத்தது 2022 ஏப்ரலில். ஆம்பூரை அடுத்த மாதனூர் அரசு மேல்நிலைப் பள்ளியில், ரெக்கார்டு நோட்டைக் கேட்ட ஆசிரியரை ஒரு மாணவன் அடிக்கப் பாய்ந்தான். அதே மாதம் வேலூர் தொரப்பாடி அரசுப் பள்ளியில் மாணவர்கள் மேஜை பெஞ்சுகளை உடைத்தார்கள். இரண்டும் செல்போனில் படமாகி ஊரெல்லாம் சுற்றின. மாதனூரில் மூன்று பேரும் தொரப்பாடியில் பத்துப் பேரும் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள்.

முதலில் ஒன்றை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுவோம். ஆசிரியர் மீது கை ஓங்கியது தவறு. ஏழை வீட்டுப் பிள்ளை செய்தான் என்பதால் அது சரியாகிவிடாது. அந்த ஆசிரியரும் சம்பளத்துக்கு உழைக்கிறவர்தான். உடைந்த பெஞ்சும் கம்பெனி முதலாளியுடையதல்ல; நாளை அதில் உட்கார வேண்டியவன் நம் பிள்ளை. இதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை.

ஆனால், தவறு என்று சொன்னதோடு கடமை முடிந்ததா? அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்க்க வேண்டாமா? 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்பதாம் வகுப்பு முதல் மேலே, 2021 தொடக்கத்தில் சில வாரம் திறந்து மூடியது போக, 2021 செப்டம்பரிலும், அதற்குக் கீழே நவம்பரிலும்தான் திறந்தார்கள். ஒன்றரை வருஷம்! ஷூ கம்பெனியும் டேனரியும் மூடியபோது வீட்டில் கூலி இல்லை. திறந்தபோது பிள்ளையும் கூடவே போனான். நூறு ரூபாய்க் கூலியைக் கையில் பார்த்தவனை மறுபடியும் பெஞ்சில் உட்கார வைப்பது லேசான காரியமா?

சர்க்கார் என்ன செய்தது? வரிசையாகப் பாருங்கள். ஏப்ரலில் சம்பவம். மே மாதம் சட்டமன்றத்தில் கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் எச்சரித்தார்: ஆசிரியருக்குத் தொல்லை தருகிற மாணவன் நிரந்தரமாக நீக்கப்படுவான், காரணம் டி.சி.யில் எழுதப்படும். ஜூன் மாதம் உண்மை வெளியே வந்தது. அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 ஆசிரியர் இடங்களைத் தற்காலிக ஆட்களைக் கொண்டு நிரப்பப் போவதாக அதே சர்க்கார் அறிவித்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000, முதுகலைப் பட்டதாரிக்கு 12,000! பதின்மூவாயிரம் நாற்காலிகளைக் காலியாக விட்டவர்கள், நாலு நாற்காலியை உடைத்தவனுக்கு ஒழுக்கம் போதித்தார்கள்.

டி.சி. என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது. ஒன்பதாம் வகுப்பில் அந்தக் கவசம் இல்லை. மறுபக்கம், 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் முழுத் தடை 14 வயதோடு முடிகிறது. அதற்கு மேல் அபாயகரமான தொழில்களுக்கு மட்டுமே தடை. ஒரு கதவு மூடுகிற வயதில் இன்னொரு கதவு திறக்கிறது. பணக்காரன் பிள்ளை டி.சி. வாங்கினால் வேறு பள்ளிக்குப் போவான். நம் பிள்ளை வாங்கினால் அது கம்பெனி கேட்டுக்கு அனுமதிச் சீட்டு!

பிரம்பின் கதையோ எனக்கு நேரில் தெரியும். நான் பத்தாவதோடு நின்றவன். என்னோடு ஒரு பையன் படித்தான். அப்பா டேனரியில் வேலை. வீட்டுக் கிணற்றில் கழிவு இறங்கிவிட்டதால், காலையில் தூரத்திலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். தினமும் தாமதம், தினமும் அடி. ஏன் தாமதம் என்று ஒரு நாளும் யாரும் கேட்கவில்லை. "தோல் நாத்தம்" என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எட்டாவதோடு நின்றான். இன்று அவனும் டேனரியில்தான். அவன் மகன் ஒன்பதாவது படிக்கிறான். போன மாதம் என்னிடம் சொன்னான்: "நாலு சாத்து சாத்தச் சொல்லுப்பா, அப்பத்தான் அடங்குவான்." நான் கேட்டேன்: "ஒன்னத் தினமும் சாத்துனாங்களே, நீ படிச்சியா?" அவன் பதில் பேசவில்லை.

தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 2003-ல் பிரம்படி தடை செய்யப்பட்டது. 2010-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. அடியை விட்டவர்கள் பலர் அவமானத்தை விடவில்லை. 2017 நவம்பரில் பனப்பாக்கம் அரசு பெண்கள் பள்ளியின் நான்கு மாணவிகள் உயிரை மாய்த்துக்கொண்டதை மறந்துவிட்டோமா? ஆசிரியைகள் கண்டித்து, பெற்றோரை அழைத்து வரச் சொன்னதை அடுத்து நடந்தது அது. "அப்பனைக் கூட்டிக்கொண்டு வா!" சொல்வது சுலபம். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் தாய் ஒரு நாள் வரவில்லையென்றால் அன்றைய கூலி போச்சு. பிள்ளை செய்த தவறுக்குத் தாய்க்கு அபராதம்! இது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஆகவேதான் சொல்லாமல் மறைக்கிறான், பொய் சொல்கிறான், பள்ளிக்கே வராமல் நிற்கிறான்.

ஆசிரியத் தோழர்களே! உங்களிடமும் ஒரு வார்த்தை. 2003 ஜூலையை நினைத்துப் பாருங்கள். வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஜெயலலிதா சர்க்கார் விசாரணையே இல்லாமல் டிஸ்மிஸ் செய்தது. "ஒழுங்கு கெட்டவர்கள்" என்றுதான் உங்களையும் சொன்னார்கள். விசாரணையில்லாத தண்டனை எப்படி இருக்கும் என்று உங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? அறுபது பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்து, கையில் ஆயிரம் பதிவேட்டையும் கொடுத்துவிட்டு "அடக்கு" என்கிறவன்தான் உங்கள் எதிரி. கடைசி பெஞ்சுப் பையன் அல்ல.

அப்படியானால் ஒழுக்கம் வேண்டாமா? நம்மைவிட அதிகமாக ஒழுக்கத்தை விரும்புகிறவர் யார்? நூறு தொழிலாளர்கள் கேட் முன்னால் பத்து நாள் பட்டினியோடு உட்காருகிறார்கள்; ஒருவரும் கல் எடுப்பதில்லை. யார் பிரம்புக்குப் பயந்து? முடிவை எல்லோரும் கூடி எடுத்தார்கள்; விதி எல்லோருக்கும் ஒன்று; அதனால்தான் கட்டுப்படுகிறார்கள். வகுப்பறைக்கும் இதே நியாயம்தான். நல்ல ஆசிரியர்கள் இதைச் செய்து காட்டுகிறார்கள். முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நாலே நாலு விதி, அதையும் பிள்ளைகளோடு பேசி வகுக்கிறார்கள். டாக்டர் மகனுக்கும் தோல் தொழிலாளி மகனுக்கும் ஒன்றாக அமல் செய்கிறார்கள். ஒருவன் தவறுக்கு வகுப்பையே முட்டி போடச் சொல்வதில்லை. கண்டிப்பதைத் தனியே அழைத்துக் கண்டிக்கிறார்கள். பாராட்டுவதை எல்லோர் முன்பும் பாராட்டுகிறார்கள். பெஞ்சை உடைத்தவனை அதைப் பழுது பார்க்க வைக்கிறார்கள். தாமதமாக வந்தவனிடம் முதலில் காரணம் கேட்கிறார்கள். இதற்கெல்லாம் பிரம்பு வேண்டாம். நேரம் வேண்டும், ஆள் வேண்டும்.

அந்த நேரத்தையும் ஆளையும் கேட்டு வாங்குவதுதான் நம் வேலை. காலியிடங்களை முழுச் சம்பளத்தில் நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு நிரப்பு! தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35-க்கு ஒருவர் என்ற சட்டத்தின் கணக்கை அமல் செய்; மேல் வகுப்புகளுக்கும் அதைக் கொண்டு வா! டி.சி. கொடுக்கும் முன், பிள்ளையின் பக்கத்தையும் கேட்டு விசாரணை நடத்து! பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்று சட்டம் சொல்கிறது. ஷிப்டு முடிந்த பிறகு அல்லது ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை வை! பள்ளிக்கு வரும் தாய்க்கும் தகப்பனுக்கும் கம்பெனி சம்பளத்தோடு இரண்டு மணி நேர அனுமதி கொடு! இந்தக் கடைசிக் கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

என் நண்பனின் மகன் இன்னும் ஒன்பதாவதில்தான் இருக்கிறான். அவன் பள்ளியில் நிற்பானா, டேனரி கேட்டில் நிற்பானா என்பதை முடிவு செய்யப் போவது பிரம்பல்ல, நாம்! அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை ஒவ்வொரு தோல் தொழிலாளியும் போகட்டும். பிரம்பைக் கேட்க அல்ல, வாத்தியாரைக் கேட்க!