கிளவுடில் இருந்தால் போதுமா? உங்கள் போட்டோக்களுக்கு வீட்டிலும் ஒரு நகல் வேண்டும்

ஞாயிறு மாலை பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனால், கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் எத்தனை செல்போன் கேமராக்கள்! எடுத்த படமெல்லாம் வீடு போய்ச் சேர்வதற்குள் கிளவுடுக்கு ஏறிவிடும். "கூகுள்ல இருக்கு, எங்க போயிடப் போகுது?" என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அந்த நிம்மதியில் பாதிதான் நியாயமானது.

பேக்அப் வேறு, சிங்க் வேறு

கூகுள் போட்டோஸ், ஐகிளவுட் இரண்டும் அடிப்படையில் செய்வது 'சிங்க்'. அதாவது, ஒரு பக்கம் நடப்பது மறுபக்கமும் நடக்கும். ஆப்பில் ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலும் அழியும். கூகுளில் பேக்அப் ஆன படம் 60 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். அதற்குப் பிறகு கிடைக்காது. போனில் இடம் வேண்டும் என்று நகலை நீக்கிவிட்டாலோ, உலகத்திலேயே உங்கள் படத்துக்கு இருப்பது கிளவுடில் உள்ள அந்த ஒரே பிரதிதான்.

அந்தப் பிரதி இருப்பது வாடகை வீட்டில். விதியை மாற்றும் உரிமை ஓனருக்கு உண்டு, மாற்றியும் இருக்கிறார். வரம்பில்லாமல் இலவசமாகப் படம் ஏற்றலாம் என்ற வசதியை 2021 ஜூன் 1 முதல் கூகுள் நிறுத்தியது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. ஆப்பிள் தருவது 5 ஜிபி. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்றும் 2023-ல் கூகுள் விதி கொண்டுவந்தது.

இந்தக் கடைசி விதிதான் கவலை தருகிறது. அப்பா தவறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். போன் லாக், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷம் ஓடுவது தெரியவே தெரியாது. பேரக் குழந்தையை அவர் எடுத்த வீடியோக்கள் அந்தக் கணக்கோடு போய்விடலாம்.

ஓலைச்சுவடி சொல்லும் பாடம்

பீச்சுக்குப் பக்கத்திலேயே, அதே பெசன்ட் நகரில், 1943-ல் தொடங்கப்பட்ட உ.வே.சாமிநாதையர் நூல் நிலையம் இருக்கிறது. ஊர் ஊராக அலைந்து அவர் தேடிச் சேர்த்த சுவடிகள் அங்கே உள்ளன. 1887-ல் சீவக சிந்தாமணியை அவர் பதிப்பிக்க முடிந்ததற்குக் காரணம், அதன் ஏடுகள் பல வீடுகளில் பிழைத்திருந்ததுதான். ஒரே வீட்டில் மட்டும் இருந்த ஏட்டைக் கரையான் தின்றால் அந்த நூலின் கதை அதோடு முடிந்தது. ஓலைக்குச் சரியானது போட்டோவுக்கும் சரிதான்.

என்ன செய்யலாம்?

கூகுள் டேக்அவுட் பக்கத்துக்குப் போங்கள். எல்லாத் தேர்வுகளையும் நீக்கிவிட்டு, போட்டோஸை மட்டும் டிக் செய்யுங்கள். கோப்பு அளவை 2 ஜிபி என்றே விட்டால் ஏகப்பட்ட ஜிப் கோப்புகள் வரும். 10 அல்லது 50 ஜிபி வையுங்கள். சில மணி நேரத்திலோ சில நாளிலோ மெயிலுக்கு லிங்க் வரும். சுமார் ஒரு வாரம்தான் அது வேலை செய்யும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். ஐகிளவுட் என்றால், ஆப்பிளின் பிரைவசி பக்கத்தில் தரவு நகல் கேட்டு இதேபோல விண்ணப்பிக்கலாம்.

இறக்கியதும் ஜிப்பைப் பிரித்து, பழைய படம் நாலு, புதிய வீடியோ நாலு திறந்து பாருங்கள். கூடவே வரும் ஜேசன் கோப்புகளைக் குப்பை என்று அழிக்க வேண்டாம்; தேதி, இடம் போன்ற விவரங்கள் அவற்றில்தான் இருக்கும். இதையெல்லாம் சரிபார்க்கும் வரை கிளவுடில் எதையும் நீக்காதீர்கள்.

லேப்டாப்பில் இடம் இல்லையா? ரிச்சி தெருவில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம். "அதுவும் கெட்டுப்போகுமே" என்பீர்கள். உண்மைதான். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்ததைப் பார்த்த ஊர் இது. அதனால்தான் கிளவுடை விட்டுவிடச் சொல்லவில்லை. கிளவுடில் ஒன்று, வீட்டில் ஒன்று, முடிந்தால் வேறு ஏரியாவில் இருக்கும் அக்கா வீட்டில் ஒன்று.

அம்மா, அப்பாவின் போனை எடுத்து, அவர்கள் சம்மதத்தோடு, கூகுளில் 'செயல்படாத கணக்கு மேலாளர்', ஆப்பிளில் 'லெகசி கான்டாக்ட்' வசதிகளில் உங்கள் பெயரைச் சேர்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

படங்களைக் காப்பது நிறுவனத்தின் பொறுப்பு மட்டும்தான் என்று மாதச் சந்தா கட்டுவதோடு நாம் நின்றுவிட முடியாது. ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம் இல்லையா? வருஷா வருஷம் அன்றைக்கே ஒரு நகலும் எடுத்துவிடலாம்.