திரை இரண்டானாலும் வேலை ஒன்று

“எங்கட புள்ள ஒரே நேரத்துல ரெண்டு வேல பாக்கும்” என்று பெருமையோடு சொல்லும் வாப்பாமார் இறக்காமத்தில் கூடிவிட்டார்கள். டெப்பின் திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் சூம் வகுப்பும் மறு பாதியில் கூட்டாளிமாரின் வாட்ஸ்அப்பும் ஓடுகின்றன. பிள்ளை இரண்டிலும் இருக்கிறது என்று வீடு நம்புகிறது. இந்த நம்பிக்கை பிழை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் நேரத்தை அது தின்கிறது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்பு, பாடக்குறிப்பு, ஆசிரியரின் அறிவித்தல் எல்லாமே ஒரே திரைக்குள் வந்து நெருக்கின. பல வீடுகளில் இருந்தது ஒரே ஒரு கருவி. அன்று திரையைப் பிரித்தது தேவைக்காக. பாடசாலை திறந்தது, தேவை தீர்ந்தது, பழக்கம் மட்டும் தங்கி, திறமை என்று பெயர் வாங்கிக்கொண்டது.

திரையைப் பிரிக்கும் இந்த வசதி வந்த வழியும் இப்படித்தான். 2012இல் சாம்சங் இதைக் கேலக்ஸி நோட் 10.1இல் வைத்தது. 2015இல் ஐஓஎஸ் 9 மூலம் ஐபேடுக்கு வந்தது. 2016இல் ஆண்ட்ராய்டு 7 அதைப் பொதுச் சொத்தாக்கியது. 2025 செப்டம்பரில் ஐபேட்ஓஎஸ் 26இல் அப்பிள் பழைய பிரிப்பு முறையை எடுத்துவிட்டபோது பழகியவர்கள் கொதித்தார்கள். அதனோடு போன, ஒரு செயலியின் மேல் இன்னொன்றை மிதக்கவிடும் ஸ்லைட் ஓவர் அடுத்த பதிப்பிலேயே திரும்பி வந்தது. பத்தே வருடத்தில் இல்லாமல் முடியாத பொருளாகிவிட்ட ஒன்றை, ‘இது எதற்கு’ என்று எந்த வீட்டில் கேட்டோம்?

கருவியே இரண்டு வேலை பார்த்ததா என்றால் அதுவும் இல்லை. 2019இல் ஆண்ட்ராய்டு 10 வரும்வரை, பெரும்பாலான கருவிகளில் இரண்டு செயலிகளும் கண்ணுக்குத் தெரிந்தாலும் விரல் கடைசியாகத் தொட்டதுதான் முழு இயக்கத்தில் இருந்தது. மற்றதை இயங்குதளம் இடைநிறுத்திய நிலையில் வைத்திருந்தது. மனித மூளைக்கு அப்படியொரு புதிய பதிப்பு வரப்போவதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாசிக்கும் நேரத்தில் ஆசிரியர் சொன்ன சமன்பாடு போய்விடுகிறது. திரும்பி வந்து விட்ட இடத்தைத் தேடுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் போகிறது. 2009இல் ஸ்டான்போர்டில் ஓபிர், நாஸ், வாக்னர் ஆகியோர், பல ஊடகங்களை ஒருசேரப் பார்க்கும் பழக்கம் கூடியவர்களைச் சோதித்தார்கள். வேண்டாததை ஒதுக்குவதில் அவர்களே பின்தங்கினார்கள். பின்வந்த சில ஆய்வுகளில் வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பழக்கத்தால் அவர்கள் கெட்டிக்காரர்களானார்கள் என்று அவையும் காட்டவில்லை.

இதைச் சொன்னதும், “அப்ப அந்த டெப்ப வாங்கி அலுமாரியில பூட்டுங்க” என்று எழும்பும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்கு வழக்குண்டு. திரையைப் பிரிப்பது இரண்டு வேலைக்கு என்று அவர்களும் நம்புகிறார்கள், நம்பியதால் வெறுக்கிறார்கள்.

ஆனால் ஒரே வேலைக்காகவும் பக்கத்தைப் பிரிக்கலாம். நமது அரபு மத்ரசாக்களில் ஓதப்படும் பழைய கிதாபுகளைத் திறந்து பாருங்கள். நடுவில் மூலம், சுற்றிவர ஓரத்தில் ஹாஷியா என்ற விளக்கம். ஜலாலைன் தப்ஸீரை அப்படி அச்சிட்ட பதிப்புகளில் ஓதியவர்கள் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கண் மூலத்துக்கும் விளக்கத்துக்கும் போய்ப் போய் வருகிறது. ஓதுவது ஒரு பாடம்தான். அதைக் கவனச்சிதறல் என்று எந்த ஹஸ்ரத்தும் சொன்னதில்லை.

இதே விசயத்தை 1992இல் சான்ட்லர், சுவெல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பாடநூல் அமைப்பில் எடுத்துக்காட்டினார்கள். படம் ஓரிடத்திலும் அதன் விளக்கம் வேறோரிடத்திலும் இருந்தால், இரண்டையும் மனதில் கோர்ப்பதிலேயே மாணவரின் சக்தி செலவாகிறது. சேர்த்து வைத்தால் அந்தச் சக்தி விளங்கிக்கொள்ளப் பயன்படுகிறது.

ஆகவே திரையைப் பிரிப்பதைப் பற்றி நான் கேட்பது ஒன்றுதான்: இந்த இரண்டு பாதிகளும் ஒரே வேலையைச் சேர்ந்தவையா? ஒரு பக்கம் பௌதிகவியல் கடந்தகால வினாத்தாள், மறுபக்கம் அதன் புள்ளித்திட்டம் என்றால் பிரிக்கட்டும். ஒரு பக்கம் இ-தக்சலாவ இணையத்தளத்தில் எடுத்த பாடம், மறுபக்கம் சொந்தக் குறிப்பு என்றாலும் பிரிக்கட்டும். நல்ல ரியூசனுக்கு அக்கரைப்பற்றுக்கோ சம்மாந்துறைக்கோ கல்முனைக்கோ பஸ் ஏற வேண்டிய ஊர் இறக்காமம். பஸ் காசும் மாலை நேரமும் இல்லாத பிள்ளைக்கு, முக்கியமாக இருட்டிய பிறகு வெளியே அனுப்பப்படாத பெண் பிள்ளைக்கு, பிரித்த திரை மேசையில் இரண்டு புத்தகம் விரிக்கும் வசதியைக் கொடுக்கிறது. அதைப் பூட்டி வைப்பது அநியாயம். அதே பாதியில் வாட்ஸ்அப்பை ஓடவிட்டு அதற்குத் திறமைப் பட்டம் கொடுப்பதும் அநியாயம்தான்.

ஆசிரியர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. வாட்ஸ்அப் குழுக்களில் வரும் பிடிஎப் பலவற்றில் வரைபடம் ஒரு பக்கத்தில், அதற்கான வினா இரண்டு பக்கம் தள்ளி. சின்னத் திரையில் பிள்ளை மேலும் கீழும் தள்ளிக் களைத்துப்போகிறது. படத்தையும் வினாவையும் ஒரே பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். போன் மட்டும் உள்ள வீட்டுப் பிள்ளை திரையைப் பிரிக்காமலே அந்தக் கணக்கைச் செய்து முடிக்கும்.