பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு மலைக்குப் போகிறோம்?



சில மாதங்களுக்கு முன் பதுளை மாவட்டத் தோட்டம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கொழுந்து பறிக்கும் ஒரு தாய் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டார்.

"டீச்சர், எம் மவன் ஒரு மாசமா கோயில் மண்டபத்து மாலை வகுப்புக்குப் போகமாட்டேங்கிறான். படிக்கக் கள்ளம்னு நெனச்சி நேத்து அடிச்சிட்டேன். ராத்திரி தூக்கத்துல அழுவுறான்."

"ஏன் போகமாட்டேன்கிறான்னு கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன். எல்லாப் புள்ளைகளையும் அனுப்பிட்டு அந்த அண்ணன் அவனை மட்டும் கடைசியா நிப்பாட்டி வைக்கிறாராம். அதுக்கு மேல வாய் தெறக்கமாட்டேங்கிறான். கோயில் தலைவர்கிட்ட சொன்னேன். நம்ம தோட்டத்துப் பையன்தானே, காசு வாங்காம சொல்லிக் குடுக்கிறான், பேரைக் கெடுக்காதேன்னுட்டார்."

'நம்ம பையன்தானே.' இந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் தோட்டங்களில் ஐந்து வயது வரை பிள்ளைக்கு ஓர் இடம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பிள்ளைக் காம்பராதான் இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையமாக மாறியிருக்கிறது. 1992 இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் போன பின், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், அதாவது நாம் 'ட்ரஸ்ட்' என்று சொல்லும் நிறுவனம், இந்த நிலையங்களைச் சீர்படுத்துவதிலும் அங்கே வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதிலும் ஈடுபட்டு வருகிறது. குறைகள் இருக்கலாம். ஆனாலும் அங்கே பொறுப்பான ஓர் உத்தியோகத்தர் இருக்கிறார். இடாப்பு இருக்கிறது. யார் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார், யார் அழைத்துப் போனார் என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறார்.

ஐந்து வயதுக்குப் பிறகு? பாடசாலை பிற்பகலில் விட்டுவிடும். அம்மா கொழுந்து நிறுத்துக் கொடுத்து லயத்துக்கு வந்து சேர மாலையாகிவிடும். இடையில் உள்ள அந்த மூன்று நான்கு மணி நேரம் பிள்ளை யார் பொறுப்பில்? தாய் வெளிநாட்டுக்குப் போன வீடுகளில் நாள் முழுவதும் இதே கேள்விதான். அந்த நேரத்தில் பிள்ளையை ஏந்திக்கொள்பவை நம் சமூகத்தின் அமைப்புகள். அறநெறி வகுப்பு, மாலை வகுப்பு, விளையாட்டுக் கழகம், வாசிகசாலை, பஜனைக் குழு. இவை நல்ல காரியங்கள். நடத்துபவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்லவர்கள். ஆனால் பிள்ளைக் காம்பராவில் கேட்கும் கேள்விகளை இங்கே நாம் யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் அவமதிப்பதாகிவிடும் என்று நினைக்கிறோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நம் மாவட்டத்தில் எத்தனை இடங்களில் மண் சரிந்தது! குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கின. அப்படிப்பட்ட மண்டபத்தில் பல குடும்பங்கள் ஒன்றாகப் படுக்கும்போது, இரவில் பிள்ளை மலசலகூடத்துக்குத் தனியே போகும்போது, உதவிப் பொருளோடு முன்பின் தெரியாதவர் வந்து பிள்ளையைப் படம் எடுக்கும்போது, கவனிக்க வேண்டியது யார்? சோறு போடுவதற்குக் குழு அமைக்கும் நாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் இரண்டு பேரை நியமிக்க வேண்டும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். நம் ஊவாவில் மஹியங்கனைக்கு அப்பால் தம்பானையில் ஆதிவாசிகள் வாழ்வது போல, அவுஸ்திரேலியாவிலும் ஆதிக்குடிகள் இருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகளாக, 'நன்மைக்காக' என்று சொல்லி, அவர்களின் பிள்ளைகளைப் பிரித்து விடுதிகளிலும் அந்நியர் வீடுகளிலும் வளர்த்தார்கள். அந்தக் கொடுமையை 1997 இல் வெளியான அறிக்கை ஒன்று எடுத்துக் காட்டியது. 2008 பெப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பின்னர் 2013 முதல் 2017 வரை நடந்த அரச விசாரணை ஆணைக்குழு, தேவாலயம், பாடசாலை, விளையாட்டுக் கழகம் என்று எல்லோரும் நம்பிய இடங்களிலேயே பிள்ளைகள் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளானதைக் கண்டது. அதைத் தொடர்ந்து பிள்ளைகளோடு வேலை செய்யும் அமைப்புகளுக்கென 10 கோட்பாடுகள் வகுக்கப்பட்டன.

ஆதிக்குடிகள் தாமே நடத்தும் சமூக அமைப்புகளுக்கும் இந்தக் கோட்பாடுகள் பொருந்தும். எங்கள் பிள்ளை எங்கள் மக்களிடையே, எங்கள் பண்பாட்டோடு வளர வேண்டும் என்று கேட்கும் அவர்களே, எங்கள் ஆட்களுக்கும் விதி வேண்டும் என்பதை ஏற்று நடக்கிறார்கள். நமக்கும் இதுதான் பாடம். பிள்ளையை ஏதாவது இல்லத்துக்கு அனுப்பிவிடுவது தீர்வல்ல. நம்மவர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்வதும் தீர்வல்ல.

உங்கள் மாதர் சங்கம் அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுக்கக்கூடிய சில விதிகளைச் சொல்கிறேன். காசு செலவில்லை.

1. எந்தப் பெரியவரும் மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. வகுப்பு நேரத்தில் கதவும் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். இரண்டு பெரியவர்கள், அவர்களில் ஒருவர் பெண்.

2. வரவு இடாப்பு வேண்டும். பிள்ளை வந்த நேரம், போன நேரம், யாரோடு போனது என்பதை எழுதி வையுங்கள்.

3. புதிதாக ஒருவர் கற்பிக்க வந்தால் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழைக் கேளுங்கள். முன்பு இருந்த இடத்தில் ஏன் விட்டார் என்றும் விசாரியுங்கள்.

4. தனிப்பட்ட பரிசு, இரகசியத் தொலைபேசிப் பேச்சு, அனுமதியில்லாத படம், அடி உதை எதுவும் கூடாது.

5. பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று ஒரு பெண்ணின் பெயரைச் சுவரில் எழுதுங்கள். பக்கத்தில் 1929 என்ற இலக்கத்தையும் எழுதுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம். இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

இந்த விதிகள் யாரையும் சந்தேகப்பட்டு வைப்பவை அல்ல. நல்லவருக்கும் இவை பாதுகாப்பு. வீண்பழியிலிருந்து அவரையும் காக்கும். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் யாருக்கும் மனவருத்தமில்லை.

பிள்ளை வாய்திறந்து ஏதாவது சொன்னால் என்ன செய்வது? முதலில் அடிக்காதீர்கள். 'நீ ஏன் அங்கே போனாய்?' என்று கேட்காதீர்கள். 'சொன்னது நல்லது, உன் மேல் பிழையில்லை' என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பத் துருவ வேண்டாம். அண்மையில் நடந்ததென்றால் குளிப்பாட்டாமல், உடுப்பைக் கழுவாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆண் பிள்ளைக்கும் இது நடக்கலாம் என்பதை மறக்காதீர்கள். பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மகளிர் பணியகம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார்.

இது கோயில் சபையிலோ சங்க அலுவலகத்திலோ பேசி முடிக்கும் வழக்கல்ல. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்திச் சிறுவர் மீதான கொடுமைக்கும் பாலியல் குற்றங்களுக்கும் கடும் தண்டனை வைத்தார்கள். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்தது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து சாட்சியாக ஏற்க 1999 இல் சட்டம் வந்தது. லயமெங்கும் பெயர் அடிபடும் என்று பயந்து பலர் மௌனமாக இருந்துவிடுகிறோம். அந்த மௌனத்தில் அடுத்த பிள்ளையும் அதே மண்டபத்துக்குப் போகிறது.

அந்தத் தாய் என்ன செய்தார்? அடுத்த நாள் ஒரு நாட் சம்பளத்தை இழந்து, தோட்ட நலன்புரி உத்தியோகத்தரோடு பிரதேச செயலகத்துக்குப் போனார். விஷயம் இப்போது உரியவர்கள் கையில் இருக்கிறது. அதற்கு மேல் எழுதுவது பிள்ளைக்கு நல்லதல்ல. மண்டபத்தில் இப்போது இரண்டு தாய்மார் முறை வைத்துக் கதவருகே உட்காருகிறார்கள். முதல் வாரம் முணுமுணுத்த தலைவரே பிறகு இடாப்புக் கொப்பி வாங்கிக் கொடுத்தாராம்.

மகன் இன்னும் வகுப்புக்குப் போகவில்லை. அவசரப்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். "நான் அடிச்சதை அவன் மறப்பானா டீச்சர்?" என்று அந்தத் தாய் கேட்டார். "நீங்க அவனுக்காகப் போனதை மறக்கமாட்டான்மா" என்றேன்.

சகோதரிகளே, இன்று மாலை உங்கள் பிள்ளை வீடு வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்து, இன்று எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய் என்று அன்பாகக் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.