வார்டுக் கோப்புகள் சிதறும் முன்

பெங்களூரு பெருநகர மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. பழைய 198 வார்டுகளின் எல்லைகளும் கலைந்துவிட்டன. 2020 செப்டம்பரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின், ஐந்தாண்டுகள் தேர்தலே இன்றி நகரின் கருவூலம் அதிகாரிகள் கையில் இருந்தது. எந்தத் தெருவுக்கு எவ்வளவு நிதி சென்றது, யாரைக் கேட்டு ஒதுக்கப்பட்டது என்று சொல்லும் கோப்புகள் இந்த மாற்றத்தில் சிதறிவிட்டால், அந்தக் கணக்கை இனி யாரிடம் கேட்பது?

மக்கள் பங்கேற்பு புதிய முழக்கமன்று. 1952இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் மக்களின் முன்முயற்சியைத் தூண்டவில்லை என்று 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழுவே ஒப்புக்கொண்டது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சாசனத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு கமிட்டிகளைக் கட்டாயமாக்கியது. கர்நாடகம் 2011இல் இதற்கு விரிவான சட்டம் இயற்றியது. எனினும் உயர்நீதிமன்றம் நெருக்கிய பின்புதான் கமிட்டிகள் உருப்பெற்றன. உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், நியமிக்கப்பட்டவர்கள். குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு இரண்டு இடங்களைச் சட்டமே ஒதுக்கியது. குடிசைப் பகுதிச் சங்கங்களும் இந்நகரில் உண்டு. அவற்றைத் தேடிச் சென்று அழைத்தவர் யார்?

2013 ஜனவரியில் ஈஜிபுராவில், நலிந்த பிரிவினருக்கான குடியிருப்புகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் காவல்துறை துணையுடன் வெளியேற்றப்பட்டன. அவர்களில் தலித்துகளும் தமிழ் பேசும் உழைப்பாளிகளும் ஏராளம். மாநகராட்சியின் நிலம் தனியாருடனான கூட்டுத் திட்டத்துக்குப் போனது. அதை எந்த மக்கள் சபை கூடித் தீர்மானித்தது? பங்கேற்பைப் பற்றி ஓயாது பேசிய நகரம் இதற்கு இன்றளவும் விடை சொல்லவில்லை.

கேரளத்தில் 1996இல் இடது ஜனநாயக முன்னணி அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு அளிக்கப்பட்டது. பலரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். நிதியைப் போலவே முக்கியமான இன்னொன்றும் நடந்தது: ஊராட்சிகள் தமது வளர்ச்சி அறிக்கையைத் தயாரித்தபோது, தம் ஊரின் வரலாற்றையும் தாமே எழுதின. முந்தைய திட்டங்கள் யாருக்குப் பயன்பட்டன என்று மக்களே ஆராய்ந்த பிறகுதான் புதிய திட்டம் தீட்டப்பட்டது.

பெங்களூருவிலும் இது இயலும். தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி, யாரும் கேட்காமலேயே வெளியிடப்பட வேண்டிய கணக்குகள் இவை. வெளியிடாத இடங்களில் தோழர்கள் வார்டுவாரியாக மனுச் செய்ய வேண்டும்; பணிப் பதிவேடுகளையும் கமிட்டிக் கூட்டக் குறிப்புகளையும் நகலெடுக்க வேண்டும்; சாக்கடைக்கும் குடிநீருக்கும் போராடிய முதியவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்து, அவற்றைக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். முதல் மனுவை ஈஜிபுராவுக்காகவே எழுதலாம்.