சராசரி என்னும் மயக்கம்

விலை சரியச் சரிய வாங்கிச் சராசரியைக் குறைப்பதே விவேகம் என்று போதிப்போர், யெஸ் வங்கியை வசதியாக மறந்துவிடுகின்றனர். 2018இல் ஏறத்தாழ 400 ரூபாயில் இருந்த அப்பங்கை 400, 200, 100 என இறங்குமுகத்தில் சம எண்ணிக்கையில் வாங்கியவரின் சராசரி 233 ஆகக் குறைந்தது. வங்கியின் வாராக்கடனோ குறையவில்லை. 2020 மார்ச்சில் வைப்பாளர்கள் எடுக்கும் தொகைக்கே 50,000 ரூபாய் வரம்பு வந்தது. தொடர்ந்த சீரமைப்பில், நூறு பங்குகளுக்கு மேல் வைத்திருந்தோரின் முக்கால்வாசிப் பங்குகள் மூன்றாண்டுகள் முடக்கப்பட்டன.

நாம் கொடுத்த விலையைச் சந்தை அறியாது. ஆதாயத்தை விரைந்து விற்று, நட்டத்தைப் பற்றிக்கொள்ளும் மனப்போக்கை ஷெஃப்ரினும் ஸ்டாட்மனும் 1985இலேயே சுட்டினர். அதற்கு நாம் சூட்டிய கௌரவப் பெயரே ‘சராசரி’. ஏறும் பங்கில் கண்மூடிச் சேர்ப்பதும் இதன் மறுபுறமே.

கேள்வி ஒன்றுதான்: இப்பங்கு நம்மிடம் இல்லாதிருப்பின், இன்று இவ்விலைக்கு வாங்குவோமா? ஆம் எனில் சேர்க்கலாம். இல்லையெனில் வைத்திருப்பதற்கும் நியாயமில்லை.